இரும்பும் மரமும் ஒரே வெப்பநிலைதான் என்றால் கை ஏன் ஒத்துக்கொள்ள மறுக்கிறது?

#1 வகுப்பறை

வணக்கம். 8 முதல் 10 ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு வெப்பப் பாடத்தைச் சோதனைகளோடு நடத்துவது பற்றிய இழை இது. நான்கு இடங்களில் விடை சிக்குகிறது.

ஒன்று, ஒரே அறையில் இரவு முழுதும் கிடந்த இரும்புத் தகடும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன என்றால் மாணவர்கள் நம்புவதில்லை. தொட்டுப் பார்த்துவிட்டு "இரும்பு சில்லென்று இருக்கிறதே" என்கிறார்கள். அகச்சிவப்பு வெப்பமானியால் குறிபார்த்தால் அதுவும் பளபளப்பான தகட்டுக்கு ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக் குழப்புகிறது.

இரண்டு, கொதிநீரில் வைத்த 100 கிராம் செம்புக் கட்டியை 25°செ இல் உள்ள 200 கிராம் நீரில் போட்டால் கணக்குப்படி 28.3°செ வர வேண்டும். 29 வருகிறது. அதிலிருந்து தன்வெப்பம் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான ஜூல்) கண்டால் 0.385 க்குப் பதில் 0.47.

மூன்று, கருப்பு டப்பா, வெள்ளை டப்பா சோதனையில் இரண்டும் ஒன்றுபோலவே ஆறுகின்றன.

நான்கு, மெழுகில் குண்டூசி ஒட்டிய கம்பிகளில் எந்த உலோகம் முந்துகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

தெரிந்தவர்கள் காரணத்தோடும் அளவுகளோடும் எழுதினால் உதவியாக இருக்கும்.

#2 கலோரிமானி

முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றின் வேரும் அதில்தான் இருக்கிறது.

தோலுக்குள் இருக்கும் நரம்பு முனைகள் தாங்கள் இருக்கும் இடத்தின் வெப்பநிலையை மட்டுமே அறியும். தொட்ட பொருள் என்ன வெப்பநிலையில் இருக்கிறது என்று அறிய அவற்றுக்கு வழியில்லை. உள்ளங்கைத் தோல் சுமார் 33°செ, அறை 25°செ என்று வைத்துக்கொள்வோம். தகட்டைத் தொட்டதும் தோலிலிருந்து வெப்பம் ஓடுகிறது. அலுமினியம் அதை உடனே உள்ளே கடத்திவிட்டு அடுத்த தவணைக்குத் தயாராக நிற்கிறது. மரத்தில் வெப்பம் மேற்பரப்பிலேயே தங்கி, தொட்ட இடத்தைச் சூடேற்றிவிடுகிறது. அதன் பிறகு ஓட்டம் குறைந்துவிடும்.

எண்ணாகவே சொல்லலாம். கடத்துத்திறன், அடர்த்தி, தன்வெப்பம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 24,000, மரத்துக்கு 400, தோலுக்கு 1,200 (எல்லாம் அனைத்துலக அலகில், தோராயமாக). இரண்டு பொருள்கள் ஒட்டும் கணத்தில் தொடுபரப்பின் வெப்பநிலை இந்த எண்களின் எடையோடு எடுத்த சராசரி. மரத்தைத் தொட்டால் (1200×33 + 400×25) ÷ 1600 = 31°செ. அலுமினியத்தைத் தொட்டால் 25.4°செ. கைக்கு உண்மையாகவே கிடைப்பது 31 உம் 25 உம்தான். ஆக கை பொய் சொல்லவில்லை. தன் தோலின் வெப்பநிலையைச் சரியாகவே சொல்கிறது, நாம் அதைப் பொருளின் மேல் ஏற்றிச் சொல்கிறோம். இந்த எடைக் கணக்கு 8 ஆம் வகுப்புக்கு வேண்டாம். 31 க்கும் 25 க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சொன்னால் போதும்.

நம்பவைக்கும் சோதனை: ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகள். ஒன்றை "சில்லென்று இருக்கும்" அலுமினியத் தட்டின் மேலும் மற்றதை "சூடாகத் தெரியும்" மரப்பலகை மேலும் வையுங்கள். வைக்கும் முன் எதன் மேல் வேகமாக உருகும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் மரம் என்பார்கள். தட்டின் மேல் உள்ள கட்டி கண்ணெதிரே கரையும். தட்டு குறைந்தது 5 மி.மீ. தடிமனாக இருக்கட்டும். மெல்லிய தகடு என்றால் கொடுக்க அதனிடம் வெப்பம் இருக்காது, சீக்கிரமே தானும் 0°செ க்கு இறங்கிவிடும், பிறகு சோதனை சப்பென்று போய்விடும். அதேபோல அலுமினியம் கிடைத்தால் அதையே எடுங்கள். துருப்பிடிக்காத எஃகின் கடத்துத்திறன் சுமார் 15, அலுமினியத்தினுடையது 237. இரண்டும் உலோகம்தானே என்று மாற்றிவிட வேண்டாம்.

தொடர்ந்து ஒரு கேள்வி கேளுங்கள்: அறையே 50°செ ஆக இருந்தால்? இப்போது வெப்பம் கைக்குள் ஓடும், இரும்புதான் அதிகமாகச் சுடும். அறை 33 க்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். "இரும்பு இயல்பிலேயே குளிர்ச்சியானது" என்ற எண்ணம் இந்த இடத்தில் உடைந்துவிடும்.

#3 சுடர்

சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் பேச வேண்டும். தமிழில் "சூடு" என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. "தண்ணீரின் சூடு ஏறியது" என்றால் வெப்பநிலை. "அடுப்பின் சூடு இங்கே வரை வருகிறது" என்றால் வெப்பம். "சூடு பட்டுவிட்டது" என்றால் காயம். "குளிர் உள்ளே வருகிறது, கதவைச் சாத்து" என்பதும் அப்படித்தான். குளிர் என்று ஒன்று நகர்வதில்லை, வெளியே போவது வெப்பம்.

சரி, வெப்பம் என்பது பொருளுக்குள் இருக்கும் ஆற்றல், வெப்பநிலை அதன் அளவு என்று வரையறுத்துவிடலாமா?

#4 கலோரிமானி

இரண்டு பாதியுமே சரியில்லை.

பொருளுக்குள் இருப்பது அக ஆற்றல். வெப்பநிலை வேறுபாட்டால் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மட்டுமே அதற்கு வெப்பம் என்று பெயர். மழை பெய்யும்போது மழை, குளத்தில் சேர்ந்த பிறகு நீர், அதுபோல. குளத்தில் எவ்வளவு மழை இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இது வெறும் சொல் விளையாட்டில்லை. கைகளைத் தேய்த்தால் உள்ளங்கை சூடாகிறது, எங்கிருந்தும் வெப்பம் வரவில்லை. வேலை செய்ததால் அக ஆற்றல் கூடியது. அறிவியலாளர் ரம்ஃபோர்டு பீரங்கி துளையிடும்போது கவனித்து 1798 இல் எழுதியதும் இதைத்தான்: துளைக்கத் துளைக்க வெப்பம் வற்றாமல் வந்துகொண்டே இருந்தது. உள்ளே அடைத்துவைத்த ஒரு பொருள் என்றால் தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

இரண்டாவது பாதிக்கு ஒரு கணக்கு. கொதிநீர் ஒரு துளி, 0.05 கிராம், 100°செ. வெதுவெதுப்பான நீர் ஒரு வாளி, 10 லிட்டர், 40°செ. அறை 25°செ. அறையின் வெப்பநிலைக்கு இறங்கும்போது துளி கொடுப்பது 0.05 × 4.186 × 75, அதாவது 16 ஜூலுக்கும் குறைவு. வாளி கொடுப்பது சுமார் 6,28,000 ஜூல். துளியின் வெப்பநிலை அதிகம், அது தரும் வெப்பம் அற்பம். வெப்பநிலை ஆற்றலின் மொத்த அளவைச் சொல்வதில்லை, துகள்களின் சராசரி இயக்க ஆற்றலோடு தொடர்புள்ளது. எந்தப் பக்கம் வெப்பம் ஓடும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஜோசப் பிளாக், 18 ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் அறிஞர்களும் குழம்பித்தான் இருந்தார்கள், மாணவர் குழம்புவதில் குறை காண ஒன்றுமில்லை.

#5 சோதனைக்குழாய்

செம்புக் கட்டிக்கு வருகிறேன். உங்கள் 29°செ இல் ஒளிந்திருப்பது ஏறத்தாழ 2 கிராம் கொதிநீர்.

கட்டியைக் கொதிநீரிலிருந்து தூக்கும்போது மேற்பரப்பிலும் கட்டிய நூலிலும் நீர் ஒட்டி வருகிறது. செம்பு ஒரு கிராமுக்கு 0.385 ஜூல் வைத்திருந்தால் நீர் 4.186 வைத்திருக்கிறது, கிட்டத்தட்ட 11 மடங்கு. எனவே 2 கிராம் நீர் என்பது 22 கிராம் செம்பைக் கூடுதலாகப் போட்டதற்குச் சமம். கணக்கில் சேர்த்துப் பாருங்கள்:

(100×0.385×100 + 2×4.186×100 + 200×4.186×25) ÷ (38.5 + 8.4 + 837.2) = 29.0

உங்கள் அளவீட்டின் மேல் அப்படியே உட்காருகிறது. பருத்தி நூல் என்றால் பஞ்சுபோல உறிஞ்சும், நைலான் நூலாக மாற்றுங்கள். தூக்கியதும் ஒரு உதறு, உறிஞ்சும் தாளில் ஒரு தொடல், உடனே உள்ளே. மூன்று நொடிக்கு மேல் வேண்டாம். இன்னும் நல்ல வழி, கட்டியை நீரில் நேராக வைக்காமல் ஒரு உலர்ந்த சோதனைக்குழாயில் போட்டு அந்தக் குழாயைக் கொதிநீரில் 15 நிமிடம் நிறுத்துவது. கட்டி நனையவே நனையாது. ஆனால் காற்றிடைவெளி வழியாகச் சூடேறுவதால் நேரம் கூடும், முழு 100°செ வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாமல் குழாய்க்குள்ளேயே வெப்பமானியை வைத்துப் படியுங்கள்.

அடுத்தது நீரின் அளவு. 200 கிராம் நீரில் ஏற்றம் வெறும் 3.3 டிகிரி. வெப்பமானியில் ஒரு டிகிரிக் கோடுகள்தான் இருக்கும், கண் அரை டிகிரி தவறினால் விடையில் 15 சதவீதம் போய்விடும். கட்டியை 200 கிராம் ஆக்கி நீரை 100 கிராம் ஆகக் குறைத்தால் 25 இலிருந்து 36.7 வரை ஏறும். ஏற்றம் 11.7 டிகிரி. அதே அரை டிகிரித் தவறு இப்போது 4 சதவீதம்தான்.

கலோரிமானிக் கிண்ணமும் (சோதனை நீர் இருக்கும் கிண்ணம்) வெப்பம் வாங்கும். 60 கிராம் செம்புக் கிண்ணம் என்றால் டிகிரிக்கு 23 ஜூல். 100 கிராம் நீரின் 419 ஜூலோடு ஒப்பிட்டால் இது 5.5 சதவீதம், விட்டுவிடக் கூடாது. தெர்மோகோல் கோப்பை என்றால் இதைப் புறக்கணிக்கலாம்.

ஒரு நுணுக்கம். நீரை அறை வெப்பநிலையில் தொடங்காமல் அதற்குக் கீழே, 19°செ இல் தொடங்குங்கள். முடிவு 31.6 இல் வந்து நிற்கும். அறை 25 என்றால் முதல் பாதியில் நீர் அறையிடமிருந்து வெப்பம் வாங்கும், இரண்டாம் பாதியில் அறைக்குக் கொடுக்கும். இரண்டும் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

கலக்க மறக்க வேண்டாம். கலக்காமல் படித்தால் கட்டிக்குப் பக்கத்தில் ஓர் எண், மேலே ஓர் எண் வரும். வெப்பமானியின் குமிழ் கட்டியைத் தொடவே கூடாது.

#6 அளவுகோல்

வெப்பமானியைச் சரிபார்க்காமல் இந்தத் துல்லியத்தைப் பேசிப் பயனில்லை.

0 சரிபார்க்க: நொறுக்கிய பனிக்கட்டியைக் கிண்ணம் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் வாலைவடிநீர் ஊற்றிக் கூழாக்குங்கள். குமிழ் நடுவில், 5 நிமிடம். உறைபெட்டியிலிருந்து எடுத்த வெறும் பனிக்கட்டியில் வைத்தால் 0 வராது. அது −18 போல இருந்திருக்கும், நீரும் பனியும் சேர்ந்து இருந்தால்தான் 0. குழாய்நீரில் உப்பு இருந்தால் சற்றே கீழே போகும். நன்றாக உப்புச் சேர்த்தால் −21°செ வரையும் இறங்கும்.

100 சரிபார்க்க: கொதிக்கும் நீருக்குச் சற்று மேலே நீராவியில் பிடியுங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறினால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 1 டிகிரி குறையும். 900 மீட்டர் உயரத்தில் 97 காட்டினால் வெப்பமானியைக் குறை சொல்ல வேண்டாம்.

கடல்மட்டத்தில் பனிக்கூழில் 2 உம் நீராவியில் 99 உம் காட்டும் வெப்பமானி என்றால்: உண்மை வெப்பநிலை = (படித்த எண் − 2) × 100 ÷ 97. 30 என்று படித்தால் உண்மையில் 28.9.

சாராய வெப்பமானியில் நிறத்திரவம் நடுவில் துண்டாகிப் போவது அடிக்கடி நேரும். எறிந்துவிட வேண்டாம். குமிழை மட்டும் பனிக்கட்டி உப்புக் கலவையில் வைத்தால் திரவம் முழுதும் குமிழுக்குள் இறங்கி ஒன்று சேரும், பிறகு நிமிர்த்தி மெதுவாக அறை வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். உடல் வெப்பமானியை இந்தச் சோதனைகளுக்கு எடுக்கவே கூடாது. அதன் எல்லை 42°செ, சூடான நீரில் வைத்தால் குமிழ் வெடிக்கும். பாதரச வெப்பமானி வகுப்பறையில் வேண்டாம். உடைந்தால் அதன் ஆவி நச்சு.

இன்னொன்று, தேர்வுத்தாள்களில் திரும்பத் திரும்ப வருவது. "வெப்பநிலை 10°செ உயர்ந்தது, ஃபாரன்ஹீட்டில் எவ்வளவு?" என்றால் பலர் 50 என்று எழுதுகிறார்கள். 10°செ என்ற *நிலை* 50°ஃபா. 10 டிகிரி *உயர்வு* 18 ஃபாரன்ஹீட் டிகிரி, கெல்வினில் அதே 10. உயர்வுக்கு 32 ஐயும் 273 ஐயும் கூட்டக் கூடாது. இதே காரணத்தால் 40°செ என்பது 20°செ ஐப் போல இருமடங்கு சூடு ஆகாது. கெல்வினில் 313 உம் 293 உம்தான். செல்சியஸின் 0 என்பது நாம் குறித்துக்கொண்ட இடம். 1742 இல் செல்சியஸ் தன் அளவுகோலில் கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100 என்றே குறித்திருந்தார். பிறகுதான் தலைகீழாக மாற்றினார்கள்.

#7 வகுப்பறை

சோதனைக்குழாய் அவர்களின் 2 கிராம் விளக்கம் அருமை. அந்தத் தவறையே ஒரு கணக்காக மாணவர்களிடம் கொடுக்கலாம். டப்பாக்கள் பற்றி யாராவது சொல்லுங்கள். இரண்டு தகர டப்பாக்கள், ஒன்றுக்குக் கருப்பு வண்ணம், ஒன்றுக்கு வெள்ளை வண்ணம். 200 மி.லி. நீர், 80°செ. 20 நிமிடத்தில் வித்தியாசம் அரை டிகிரிகூட இல்லை.

#8 கதிர்

உங்கள் சோதனை சரியாகவே வேலை செய்திருக்கிறது. தவறான எதிர்பார்ப்போடு செய்திருக்கிறீர்கள்.

80°செ இல் உள்ள டப்பா வீசும் கதிர்கள் அகச்சிவப்பு. அவற்றின் உச்சம் 8 மைக்ரோமீட்டர் பக்கம். அந்த அலைநீளத்தில் வெள்ளை வண்ணமும் கருப்புதான். இரண்டு வண்ணங்களின் உமிழ்திறனும் (கதிர் வீசும் திறன், அதிகபட்சம் 1) ஏறக்குறைய 0.9. கண்ணுக்குத் தெரியும் நிறம் இங்கே எதையும் தீர்மானிப்பதில்லை. கருப்பு வண்ண டப்பாவோடு ஒப்பிட வேண்டியது *வண்ணம் பூசாத பளபளப்பான உலோகம்*. அதன் உமிழ்திறன் 0.1 க்கும் கீழே.

பளபளப்பான டப்பா எடுத்தால் என்ன வரும் என்று கணக்கிடலாம். 353 கெல்வினிலும் 298 கெல்வினிலும் நான்காம் அடுக்கு எடுத்துக் கழித்து 5.67 × 10⁻⁸ ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு சுமார் 430 வாட். டப்பாவின் பரப்பு 0.02 ச.மீ. என்றால் கருப்பு டப்பா கதிர்வீச்சால் இழப்பது 8 வாட், பளபளப்பானது 1 வாட்டுக்கும் குறைவு. சுற்றியுள்ள காற்றின் சலனத்தால் (சூடான காற்று மேலெழுந்து வெப்பத்தை எடுத்துச்செல்வதால்) இரண்டுமே தலா 7, 8 வாட் இழக்கும். 20 நிமிடம் கழித்துக் கருப்பு 62°செ பக்கமும் பளபளப்பானது 69°செ பக்கமும் இருக்க வேண்டும்.

இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும் மூன்று:

மூடி. மூடியில்லாவிட்டால் ஆவியாதலால் போகும் வெப்பம் கதிர்வீச்சால் போவதை எட்டிப் பிடித்துவிடும். இரண்டு டப்பாவிலும் ஒரேயளவு இழப்பு என்பதால் வித்தியாசம் அமுங்கிப்போகும். வெப்பமானி நுழைய மட்டும் துளையுள்ள அட்டை மூடி போடுங்கள்.

அடி. மேசைமேல் நேராக வைக்காமல் தக்கைத் துண்டுகள் மேலோ தெர்மோகோல் மேலோ வையுங்கள்.

பக்கம். இரண்டு டப்பாக்களையும் நெருக்கி வைத்தால் ஒன்றின் கதிரை மற்றது வாங்கும். 30 செ.மீ. தள்ளி வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

இப்போது முதல் பதிவிலிருந்த அகச்சிவப்பு வெப்பமானிக் குழப்பமும் தீரும். அந்தக் கருவி மேற்பரப்பு வீசும் கதிரை அளந்து, உமிழ்திறன் 0.95 என்று தானே வைத்துக்கொண்டு வெப்பநிலை சொல்கிறது. பளபளப்பான தகடு தன் கதிரைக் கொஞ்சமாகவே வீசும், கண்ணாடிபோல மேற்கூரையையும் உங்களையும் எதிரொளிக்கும். கருவி படிப்பது அந்த எதிரொளிப்பை. தகட்டின் மேல் ஒரு துண்டு காகித ஒட்டுநாடா ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, நாடாவைக் குறிபாருங்கள். மரமும் இரும்பும் ஒரே எண் காட்டும்.

#9 சுடர்

வெயிலில் வெள்ளைத் துணி கருப்புத் துணியைவிடச் சூடு குறைவாக இருக்கிறதே? நிறம் எதையும் தீர்மானிப்பதில்லை என்றால் அது எப்படி?

#10 கதிர்

நல்ல மறுப்பு. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின். அதன் கதிர் உச்சம் 0.5 மைக்ரோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் ஒளி. அங்கே வெள்ளை உண்மையிலேயே வெள்ளை, பெரும்பகுதியைத் திருப்பிவிடும். ஆகவே *உட்கவர்தலை* வெயிலிலோ இழை விளக்கின் முன்னாலோ சோதித்தால் கருப்பும் வெள்ளையும் வேறுபடும். *உமிழ்தலை* வெந்நீர் டப்பாவில் சோதித்தால் வேறுபடாது. நன்றாக உட்கவர்வது நன்றாக உமிழும் என்ற விதி ஒரே அலைநீளத்துக்குள் பொருந்தும். "கருப்பு நன்றாக உமிழும், வெள்ளை உமிழாது" என்று பொதுவாகச் சொல்வது தவறு. "மங்கலான பரப்பு நன்றாக உமிழும், பளபளப்பான உலோகம் உமிழாது" என்று சொல்லிக்கொடுங்கள், அதுவே அறை வெப்பநிலையில் பொருந்தும்.

#11 கம்பிவலை

நான்காம் கேள்வி மிச்சம் இருக்கிறது. மெழுகுக் கம்பிச் சோதனையில் "எந்த ஊசி முதலில் விழுகிறது" என்று பார்ப்பதே அடிப்படைப் பிழை. முதலில் விழுவது கடத்துத்திறனை மட்டும் சார்ந்ததில்லை. கம்பி தானும் சூடேற வேண்டும், அதற்கு வெப்பம் தேவை. கடத்துத்திறனை அடர்த்தியாலும் தன்வெப்பத்தாலும் வகுத்தால் வரும் எண்தான் கம்பியில் சூடு எவ்வளவு வேகமாக முன்னேறும் என்பதைச் சொல்லும். ஈயத்தையும் இரும்பையும் எடுங்கள் (கணக்குக்கு மட்டும், ஈயம் நச்சு). கடத்துத்திறன் 35 உம் 80 உம். அந்த வகுத்த எண் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஊசிகள் சேர்ந்து விழும், மாணவர் இரண்டும் சமமான கடத்திகள் என்று எழுதுவார். செம்புக்கும் அலுமினியத்துக்கும் இடைவெளி குறைவு: கடத்துத்திறன் 400 உம் 237 உம், வகுத்த எண்கள் நொடிக்கு 117 உம் 97 உம் சதுர மி.மீ. அதனால்தான் மெழுகு கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலே முடிவு புரண்டுவிடுகிறது.

சரியான வழியை டச்சு அறிவியலாளர் இங்கென்ஹவுஸ் 18 ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். ஒரே விட்டம், ஒரே நீளம் (4 மி.மீ., 30 செ.மீ.) உள்ள கம்பிகளுக்கு ஒரே வண்ணம் பூசி, மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு. நுனிகள் எல்லாம் ஒரே கொதிநீர்த் தொட்டிக்குள். சுடரில் காட்ட வேண்டாம், சுடர் ஒவ்வொரு நுனியையும் ஒவ்வொரு அளவுக்குச் சூடாக்கும். தொட்டிக்கும் மெழுகுக்கும் நடுவே அட்டைத் தடுப்பு, நீராவி மெழுகைத் தொடக் கூடாது. 20 நிமிடம் அல்லது உருகும் எல்லை நகர்வது நிற்கும் வரை காத்திருங்கள். நின்ற பிறகு அளக்கும் *நீளத்தின் வர்க்கம்* கடத்துத்திறனுக்கு நேர்விகிதம். செம்பில் 15 செ.மீ., இரும்பில் 6.7 செ.மீ. பக்கம் எதிர்பார்க்கலாம். 15² ÷ 6.7² = 5. அட்டவணையிலும் 400 ÷ 80 = 5.

வண்ணம் ஏன் என்றால் அது கதிர் சொன்ன காரணமே. பக்கவாட்டில் எல்லாக் கம்பியும் ஒரேயளவு இழந்தால்தான் இந்த விகிதம் நிற்கும்.

#12 சோதனைக்குழாய்

சலனத்தை யாரும் தொடவில்லை. "வெப்பம் மேலே போகும்" என்ற வாசகத்தைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிட வேண்டும். மேலே போவது சூடான *பாய்மம்*, விரிந்து அடர்த்தி குறைந்ததால். செங்குத்தான இரும்புக் கம்பியின் மேல்முனையைச் சூடாக்கினால் வெப்பம் கீழேயும் வரும்.

இதற்கு ஒரே சோதனை போதும். சோதனைக்குழாயில் ஒரு சிறு பனிக்கட்டி, அதன் மேல் எஃகுக் கம்பிச் சுருள் (மிதக்காமல் அழுத்திவைக்க), மூன்றில் இரண்டு பங்கு நீர். குழாயைச் சாய்த்து, இடுக்கியால் அடிப்பகுதியைப் பிடித்து, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு சுடரைக் காட்டுங்கள். மேலே நீர் கொதிக்கும், அடியில் பனிக்கட்டி இருக்கும். நீரின் கடத்துத்திறன் 0.6 தான், சலனமும் இல்லை, கீழே வெப்பம் போக வழியில்லை. குழாயின் வாய் யாரையும் நோக்கக் கூடாது. கொதிநீர் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். சுடரை ஒரே புள்ளியில் நிறுத்தினால் குழாய் விரிசல்விடும், முன்னும் பின்னும் ஆட்டுங்கள்.

நீரில் சலனம் ஓடும் பாதையை நிறத்தால் காட்டும் பெர்மாங்கனேட் சோதனையில் பலர் நான்கைந்து படிகம் போட்டு நீரையெல்லாம் ஊதாவாக்கிவிடுகிறார்கள். ஒன்றே ஒன்று, அரிசிமணியில் பாதி. 400 மி.லி. நீர் ஐந்து நிமிடம் அசையாமல் நின்ற பிறகு, கண்ணாடிக் குழாய் வழியாக பீக்கரின் *ஓரத்தில்* இறக்கி, குழாயின் மேல்வாயை விரலால் மூடி மெல்ல எடுங்கள். சுடர் அந்த ஓரத்துக்கு நேர் கீழே, மிகச் சிறியதாக.

#13 வகுப்பறை

மின்விசிறி காற்றைக் குளிர்விக்கிறதா என்ற கேள்வியும் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. பனிக்கட்டி உருகும் வரைபடத்தில் 0°செ இல் கோடு படுக்காமல் சாய்வாக வருவதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

#14 கலோரிமானி

விசிறி: உலர்ந்த வெப்பமானியை விசிறியின் முன் பிடித்தால் எண் மாறாது. குமிழில் ஈரப்பஞ்சு சுற்றினால் இறங்கும். எவ்வளவு என்பது காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. உடலைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாதலும், தோலை ஒட்டிய வெதுவெதுப்பான காற்று விலகுவதும். பூட்டிய அறையில் ஆளில்லாமல் ஓடும் 60 வாட் விசிறி அறையை 60 வாட் அளவுக்குச் சூடாக்கும்.

வரைபடம்: சாய்வுக்குக் காரணம் கலக்காததுதான். உருகிய நீர் குமிழைச் சுற்றித் தேங்கிச் சூடேறும், கட்டி இன்னும் ஒதுங்கி நிற்கும். நொறுக்கிய பனி, சிறு சுடர், இடைவிடாத கலக்கல். 100 கிராம் பனிக்கு 100 வாட் சூடேற்றி, இழப்பில்லை என்றால்: உருக 334 நொடி, 0 இலிருந்து 100 வரை 419 நொடி, முழுதும் ஆவியாக 2,257 நொடி. வரைபடத்தை இந்த விகிதத்தில் வரையச் சொல்லுங்கள். கடைசிப் படுக்கைக் கோட்டின் நீளமே பாடத்தில் பாதியைச் சொல்லிவிடும். நீராவிக் காயம் ஏன் மோசம் என்பதும் அதில்தான் இருக்கிறது. 100°செ நீர் 1 கிராம் 37°செ க்கு இறங்கினால் 264 ஜூல் தரும், நீராவி 1 கிராம் சுமார் 2,520 ஜூல் தரும். வெப்பநிலை இரண்டுக்கும் ஒன்றே.

#15 கம்பிவலை

முதல் கேள்விக்குப் பொருத்தமான இன்னொரு சோதனை. கம்பளித் துணி "சூடானது" என்று எல்லோரும் நம்புகிறார்கள். அதில் பனிக்கட்டியைச் சுற்றினால்?

50 கிராம் கட்டிகள் இரண்டு, இரண்டு புனல்களில், கீழே அளவுக் குவளைகள். ஒன்றைக் கம்பளியில் சுற்றி உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை, உறையின் அடியில் ஒரு துளை. உறை இல்லாவிட்டால் கம்பளி உருகிய நீரைக் குடித்துவிடும், குறைவாக உருகியது போலப் பொய்யாகத் தெரியும். மற்றதும் அதேபோன்ற உறையில், கம்பளியில்லாமல். 10 நிமிடத்துக்கு ஒருமுறை குவளையைப் படியுங்கள். சுற்றாத கட்டியின் நீர் முந்தும்.

#16 வகுப்பறை

உடனே வரும் கேள்வி: "கம்பளி முதலிலேயே கொஞ்சம் சூடாக இருந்திருந்தால்?"

#17 கம்பிவலை

சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே கம்பளியை அதே மேசையில் பிரித்துப் போட்டு, நடுவில் வெப்பமானியை வைத்து மடித்துவிடுங்கள். கேள்வி கேட்ட மாணவரையே அதைப் படித்து, பக்கத்தில் தொங்கும் வெப்பமானியின் எண்ணோடு சேர்த்துப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக வந்த பிறகு கட்டியைச் சுற்றுங்கள்.